5254-க்கு என்ன பதில்? தபால்வழிச் சதுரங்கத்தில் கறுப்புக்கு மூன்று வழிகள்

வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டுப் பையன் கணக்கியல் படிக்கிறான். உயர்தரப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து வாரத்தில் இரண்டு மாலையாவது பலகையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவான். சென்ற மாதம் தன் முதலாவது சர்வதேசத் தபால்வழிச் சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். ஏழு பேர் கொண்ட குழு. ஆளுக்கு ஆறு ஆட்டம். அதில் மூன்றில் அவனுக்குக் கறுப்பு.

"மாமா, எதிராளி 5254 ஆடினால் நான் என்ன பதில் வைப்பது? நீங்கள் பெர்லின் தற்காப்பு ஆடித்தானே அந்த நெதர்லாந்துக்காரரோடு சமநிலை எடுத்தீர்கள்? நானும் அதையே எடுக்கட்டுமா?"

எடு என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. அன்று அவனிடம் சொன்னதையும், அவன் படியிறங்கிப் போன பிறகு தோன்றியதையும் சேர்த்து ஆற அமர எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும். நான் ஒப்பிடுவது பெர்லின், மார்ஷல், ஸ்வெஷ்னிகோவ் என்ற மூன்று திறப்புகளை. திறப்பு என்றால் ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளின் வரிசை.

முதலில் அந்த எண்கள். பலகையின் எட்டு நிரல்களுக்கும் இடமிருந்து வலமாக 1 முதல் 8. எட்டு வரிசைகளுக்கும் வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8. ஐந்தாம் நிரல் இரண்டாம் வரிசையிலிருந்து ஐந்தாம் நிரல் நான்காம் வரிசைக்குப் போனால் 5254. அரசனுக்கு முன்னால் நிற்கும் காலாள் இரண்டு கட்டம் நகர்கிறது. கோட்டை கட்டும்போது அரசனின் பயணத்தை மட்டும் எழுதினால் போதும்: 5171. குதிரைக்கும் மந்திரிக்கும் ஒவ்வொரு மொழியில் ஒவ்வொரு பெயர் இருக்கலாம். நாலு இலக்கத்தை எழுதி முத்திரை ஒட்டிப் போட்டால் எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான். கொட்டாஞ்சேனையில் என் பெரியப்பா அப்படித்தான் ஆடினார். அவருடைய தபாலட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இன்றும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூலையிலும் அட்டை வந்த தேதியும் பதில் போட்ட தேதியும் சிவப்பு மையில் இருக்கும்.

இப்போது அட்டை இல்லை. 1951இல் தொடங்கிய சர்வதேசத் தபால்வழிச் சதுரங்கக் கூட்டமைப்பு 2004 முதல் இணையத்தில் ஆட்டங்களை நடத்துகிறது. பத்து நகர்வுக்கு 50 நாள் என்பது வழக்கமான கணக்கு. நாற்பது நகர்வு ஓடும் ஆட்டத்துக்கு ஆளுக்கு 200 நாள். இருவரும் முழுவதையும் செலவழித்தால் ஒரு வருடத்தையும் தாண்டிவிடும். புத்தகம் பார்க்கலாம், கணினியிடமும் கேட்கலாம். இதனால் திறப்பைத் தெரிவு செய்யும் அளவுகோலே மாறிவிடுகிறது.

நேருக்கு நேர் ஆடும்போது மனப்பாடம் பெரிய பலம். எதிராளி பார்த்திராத ஒன்றை வைத்து அவரைத் திணறடிக்கலாம். தபாலில் அப்படி ஒன்றை வைத்தால் அவர் ஐந்து நாள் எடுத்துக்கொண்டு விடையைத் தேடிவிடுவார். ஆகவே பிர்க், அலெஹின் போன்ற தற்காப்புகளை நான் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. அவை பலகையின் நடுவை முதலில் வெள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பிறகு தாக்குபவை. வெள்ளைக்கு யோசிக்க இவ்வளவு நேரம் இருக்கும்போது அந்த விட்டுக்கொடுப்பின் விலை மிக அதிகம்.

2020 செப்டம்பரில் வந்த ஸ்டொக்ஃபிஷ் 12 என்ற சதுரங்கக் கணினி நிரல் நரம்புவலை மதிப்பீட்டையும் சேர்த்துக்கொண்ட பிறகு, சாதாரண மடிக்கணினிகூட எந்த உலக வாகையரையும் விட நன்றாகத் தற்காக்கிறது. 32ஆவது தபால்வழி உலக வாகையர் இறுதிச் சுற்றில் 17 பேர் ஆடிய 136 ஆட்டங்களில் 119 சமநிலை. அமெரிக்கரான ஜோன் எட்வர்ட்ஸ் 2022இல் அந்தப் பட்டத்தை வென்றார். அதனால் "எந்தத் திறப்பை எடுத்தால் தோற்கமாட்டேன்?" என்று கேட்டுப் பயனில்லை. உறுதியான எந்தத் திறப்பிலும் ஒழுங்காக உழைப்பவன் பெரும்பாலும் தோற்பதில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக எந்த மாதிரியான நிலையோடு குடியிருக்க உனக்குச் சம்மதம் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சமநிலைகள் எல்லாம் ஒன்றல்ல.

இனிப் பெர்லின். 5254 5755, 7163 2836, 6125 7866. வெள்ளை 5171 என்று கோட்டை கட்ட, கறுப்புக் குதிரை 6654 என்று காலாளை எடுக்கும். பிறகு 4244 5446, 2536 4736, 4455 4665, 4148 5848. எட்டாவது நகர்விலேயே இரண்டு ராணிகளும் பலகையை விட்டுப் போய்விட்டன. கறுப்பு அரசனால் இனிக் கோட்டை கட்ட முடியாது. மூன்றாம் நிரலில் இரண்டு கறுப்புக் காலாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டு நிற்கின்றன. முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இதை யார் விரும்பி எடுப்பார் என்றுதான் தோன்றும். 2000ஆம் ஆண்டு லண்டனில் உலக வாகையர் கஸ்பரோவுக்கு எதிரான பட்டப்போட்டியில் கிராம்னிக் விரும்பியே எடுத்தார். அந்தப் போட்டி முழுவதிலும் கஸ்பரோவால் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை, பட்டம் 8.5க்கு 6.5 என்று கைமாறியது.

பையன் குறிப்பிட்ட என் ஆட்டமும் இதே பாதையில்தான் போனது. 2021 தொடக்கத்தில் ஆரம்பித்தது, 2022 மே மாதத்தில் முடிந்தது. முப்பதாவது நகர்வு வரும்போது ஆளுக்கு ஒரு மந்திரியும் சில காலாள்களும்தான் மிச்சம். என் மந்திரி வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது, அவருடையது கறுப்புக் கட்டத்தில் ஓடுவது. ராணி பக்கத்துக் காலாள்கள் ஒன்றையொன்று முட்டி நின்றன. அரசன் பக்கத்தில் என் ஓரக் காலாள் ஒன்று விழப் பார்த்தது. அதைக் காப்பாற்ற ஒரு மாதமாக மந்திரியை அங்கேயே கட்டிப்போட்டிருந்தேன். கணினியும் அதையே சொன்னது: காலாள் போனால் வெள்ளைக்கு ஒரு காலாள் பெறுமதிக்கு மேல் முன்னிலை.

மார்ச் மாதக் கடைசி. கொழும்பில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போன நாட்கள் அவை. மடிக்கணினியின் பட்டரி மாலையிலேயே தீர்ந்துவிட்டது. சாமியறையிலிருந்து குத்துவிளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, மரப்பலகையில் காய்களை அடுக்கினேன். கடற்கரைப் பாதையில் ரயில் போகும்போது மேசை லேசாக அதிரும், சுடரும் அதிரும். எண்கள் எதுவும் முன்னால் இல்லாமல் அந்த நிலையை அத்தனை நேரம் பார்த்தது அன்றுதான். வெள்ளையின் முன்னணிக் காலாள் 55இல் நிற்கிறது. அதற்கு நேர் எதிரே 56, வெள்ளைக் கட்டம். என் அரசன் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் கறுப்புக் கட்டத்தில் ஓடும் அவருடைய மந்திரியால் அவனை ஒருநாளும் அசைக்க முடியாது. அடுத்த காலாள் 64இலிருந்து 65க்கு வர வேண்டும். 65ம் வெள்ளைக் கட்டம். என் மந்திரி அந்த மூலைவிட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அப்படியானால் அந்த ஓரக் காலாள் எதற்கு? அதைக் காப்பதற்காகத்தான் அரசனும் மந்திரியும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போயிருந்தார்கள்.

மின்சாரம் வந்ததும் கணினியிடம் காட்டினேன். காலாளைக் கொடுத்த உடனே மதிப்பீடு வெள்ளைப் பக்கம் ஏறியது. ஆனால் அங்கிருந்து முப்பது, நாற்பது நகர்வு ஓடவிட்டாலும் அதே எண்தான், நிலையில் ஒரு மாற்றமும் இல்லை. முன்னேற வழியில்லாத அரணைக் கணினி முன்னிலை என்றே எண்ணிக்கொண்டிருந்தது. காலாளைக் கொடுத்தேன். எதிராளி இன்னும் ஆறு நகர்வு முயன்று பார்த்துவிட்டுச் சமநிலை கேட்டார். இத்தனை வருடத்தில் நான் பெற்ற அரைப்புள்ளிகளில் எனக்கு மிகவும் பிரியமானது இதுதான்.

ஆகவே பெர்லின் சோம்பேறிகளின் திறப்பு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராணி இல்லாத பலகையில் எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எவராலும் உள்ளே வர முடியாது என்று தேடும் வேலை அது. பொறுமை இருப்பவனுக்கு ஏற்றது. ஆனால் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, அந்த இறுதியாட்டத்துக்கு வருவதா இல்லையா என்பது வெள்ளையின் கையில் இருக்கிறது. 2013இல் சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் நடந்த உலக வாகையர் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் நான்காவது நகர்வாக 4243 என்று அமைதியாக நகர்த்தி ராணிகளைப் பலகையிலேயே வைத்துக்கொண்டார். அந்த ஆட்டம் நீண்டு, கடைசியில் கறுப்பான கார்ல்சனே வென்றார். எட்டாவது ஆட்டத்தில் வெள்ளையாக ஆடிய கார்ல்சன் ஐந்தாவது நகர்வாக 6151 என்று கோட்டையை நகர்த்தினார். 33 நகர்வில் சமநிலை. கடைசியாகச் சொன்ன இந்தப் பாதை வந்துவிட்டால் கறுப்புக்கு ஆபத்தும் இல்லை, செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தை அதற்குக் கொடுப்பது என் பார்வையில் வீண். இரண்டாவது, அந்த இறுதியாட்டம் தானாகச் சமநிலையாவதில்லை. 2014இல் சோச்சியில் பதினோராவது ஆட்டத்தில் அதே இறுதியாட்டத்தில் கறுப்பாக இருந்த ஆனந்த் தோற்றார். பட்டப்போட்டியும் அத்தோடு முடிந்தது. நம்மில் எத்தனை பேர் அன்றிரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

பெர்லினோடு பெற்றோவையும் சேர்த்துக் கேட்பார்கள்: 5254 5755, 7163 7866. உறுதியானதுதான். ஆனால் இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கும் நிலைகளே அதிகம். சமநிலை மட்டும் போதும் என்றால் எடுக்கலாம். முதற்போட்டியில் ஆடும் ஒருவனுக்கு நான் அதைக் கொடுக்கமாட்டேன்.

மார்ஷல் தாக்குதல் வேறு உலகம். பெர்லினைப் போலவே மூன்றாவது நகர்வுவரை 6125 வந்த பிறகு கறுப்பு 1716 என்று கேட்கிறது. பிறகு 2514 7866, 5171 6857, 6151 2725, 1423 5878, 3233. இங்கே, எட்டாவது நகர்வில், 4745. ஒரு காலாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெள்ளை அரசன் மீது பாய்கிறது கறுப்பு. 1918இல் நியூயோர்க்கில் பிராங்க் மார்ஷல் இதைக் கபபிளாங்காவுக்கு எதிராக ஆடினார். பலகைக்கு முன்னால் அமர்ந்தபடியே கபபிளாங்கா ஒவ்வொரு மிரட்டலுக்கும் விடை கண்டுபிடித்து வென்றார். அன்று மார்ஷல் பதினோராவது நகர்வில் குதிரையை 4566 என்று பின்னுக்கு எடுத்திருந்தார். பிற்பாடு அவரே 3736 என்ற சிறிய காலாள் நகர்வை அந்த இடத்தில் வைத்தார். திறப்பு அதனால்தான் உயிர் பிழைத்து நூறு வருடத்தைக் கடந்து வந்திருக்கிறது.

மார்ஷலின் அழகைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ராணி 84க்கும் 83க்கும் வந்து வெள்ளை அரசனின் வாசலில் நிற்க, இரண்டு மந்திரிகளும் ஒரே பக்கம் பார்க்க, காலாள் குறைந்திருந்தும் கறுப்பு தலைநிமிர்ந்து நிற்கும். தபால்வழி ஆட்டத்துக்கு அதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று, இந்தப் பாதைகள் மிக ஆழமாக உழப்பட்டவை. இருபத்தைந்தாவது நகர்வு தாண்டியும் முன்னோர் ஆடியதையே திருப்பி ஆடிக்கொண்டிருப்பாய். உன் சொந்த யோசனை தொடங்கும் இடத்துக்கு வரும்போது, ஒரு காலாள் குறைந்த நிலையில் இரண்டு மந்திரிகளை வைத்துச் சமநிலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை மட்டுமே மிச்சமிருக்கும். தாக்குதலை ஆசைப்பட்டு எடுத்தவனுக்கு அது ஏமாற்றம். மற்றொன்று, வெள்ளை விரும்பாவிட்டால் மார்ஷல் வரவே வராது. எட்டாவது நகர்வில் 1214 என்றோ 8283 என்றோ ஆடிவிட்டால் போதும். ஆறாவதிலேயே 4243 ஆடுபவர்களும் உண்டு. ஆகவே மார்ஷலை எடுப்பவன் உண்மையில் நீண்ட, மெதுவான ஸ்பானிய நடுவாட்டத்தை எடுக்கிறான் (5755க்குப் பிறகு 6125 வரும் திறப்புக்கு ஸ்பானியம் என்று பெயர்). அது பிடிக்குமா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்குப் பிடிக்கும். இருபது வயதில் பிடித்திருக்காது.

மூன்றாவது ஸ்வெஷ்னிகோவ். 5254க்கு 3735, சிசிலியன் தற்காப்பு. 7163 2836, 4244 3544, 6344 7866, 2133, இப்போது 5755. ஐந்தாவது நகர்விலேயே கறுப்பு 45 என்ற கட்டத்தைக் காக்கும் காலாள் இல்லாமல் செய்துகொள்கிறது. 4425 4746 வந்ததும் 46இல் ஒரு காலாள் பின்தங்கி நிற்கிறது. சதுரங்கம் கற்பிப்பவர் யாரும் இதைப் பார்த்தால் தலையில் கை வைப்பார். 1960களிலும் 70களிலும் செல்யாபின்ஸ்க் நகரத்து எவ்கேனி ஸ்வெஷ்னிகோவ் இதை விடாமல் ஆடி ஆடி நிலைநாட்டினார். அந்த ஊரின் பெயராலும் இதை அழைப்பதுண்டு. விட்டுக்கொடுத்த கட்டத்துக்குப் பதிலாகக் கறுப்புக்குக் கிடைப்பது காய்களின் ஓட்டம்.

2018இல் லண்டன் உலக வாகையர் போட்டியில் கார்ல்சன் கறுப்புக்கு இதைத்தான் நம்பினார். அவருடைய எதிராளி கருவானா எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது ஆட்டங்களில் 3345 என்று குதிரையை அந்த ஓட்டையிலேயே கொண்டுபோய் வைத்தார். கறுப்பு 6645 என்று எடுக்க, வெள்ளைக் காலாள் 5445 என்று திருப்பி எடுத்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். இவ்வளவு பேசப்பட்ட அந்த ஓட்டையை வெள்ளையின் காலாளே அடைத்துவிட்டது. இப்போது ராணி பக்கத்தில் வெள்ளைக்குக் காலாள் பலம், அரசன் பக்கத்தில் கறுப்புக்கு. ஒருவர் இந்தப் பக்கம் ஏறி வருவார், மற்றவர் அந்தப் பக்கம். மூன்று ஆட்டமும் சமநிலை. அந்தப் போட்டியின் பன்னிரண்டு நெடுநேர ஆட்டங்களுமே சமநிலைதான். ஆனால் எட்டாவது ஆட்டத்தை எடுத்து அடுக்கிப் பார்ப்பவர் அதையும் சென்னையின் அந்த 33 நகர்வு ஆட்டத்தையும் ஒரே பெயரால் அழைக்க மனம் ஒப்பமாட்டார்.

தபாலுக்கு ஸ்வெஷ்னிகோவ் ஏன் பொருந்துகிறது என்றால், சொந்த வேலை பன்னிரண்டாவது, பதினைந்தாவது நகர்விலேயே தொடங்கிவிடும். கணினி மூன்று நகர்வுகளை ஏறத்தாழ ஒரே மதிப்பீட்டில் காட்டும். எந்தப் பக்கம் காலாளைத் தள்ளுவது, எப்போது குதிரையைத் திருப்புவது என்பதை நீதான் தீர்மானிக்க வேண்டும். காலாள் அமைப்பு இரு பக்கமும் வேறுபட்டிருப்பதால், எதிராளி கணினியின் முதல் விடையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் முப்பதாவது நகர்வில் பிடிபடுவார். கறுப்பு வெல்ல வழியிருக்கும் திறப்பு இந்த மூன்றில் இதுதான் என்பது என் துணிபு. தவறினால் தோற்கவும் வழியிருக்கிறது. 46இல் நிற்கும் அந்தக் காலாள் எப்போதும் ஒரு கடன். வெள்ளை தப்பிப் போகும் பாதையும் உண்டு. மூன்றாவது நகர்வில் 6125 வைத்துவிட்டால் ஸ்வெஷ்னிகோவ் வராது. கருவானாவே முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் அப்படித்தான் ஆடினார். முதலாவது ஆட்டம் 115 நகர்வு நீண்டது; கார்ல்சன் கறுப்பில் வெற்றியின் வாசல்வரை போய்த் திரும்பினார்.

சிசிலியனின் இன்னொரு கிளையான நஜ்டோர்ஃபையும் பையன் கேட்டான். அது பெருங்கடல். அதன் நஞ்சுக் காலாள் பாதையில் பல ஆட்டங்கள் இடைவிடாத முற்றுகையில், இருபத்தைந்து நகர்வுக்குள் முன்பே தெரிந்த சமநிலையாக முடிந்துவிடுகின்றன. இரண்டாவது போட்டிக்குப் பார்க்கலாம் என்றேன்.

எல்லா ஆட்டமும் ஒரே நாளில் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் வேறு திறப்பு எடுக்கத் தடையில்லை. அவனுடைய மூன்று எதிராளிகளில் ஒருவர் தரப்புள்ளியில் அவனை விட மிக மேலே இருப்பவர். அவரோடு அரைப்புள்ளி எடுத்தாலே இவனுடைய தரம் ஏறும், அங்கே பெர்லின். அந்த இறுதியாட்டத்தில் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். மற்ற இருவரோடும் ஸ்வெஷ்னிகோவ். மார்ஷலை இப்போதைக்கு மாலையில் என் மேசையில் அடுக்கிப் பார்க்கலாம். தாக்குதல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. மூன்றிலும் ஒன்றை மட்டும் கட்டாயமாகக் கேட்டுக்கொண்டேன்: வாரத்தில் ஒரு மாலை, கணினியை மூடிவைத்துவிட்டு, ஒவ்வோர் ஆட்டத்தின் நிலையையும் மரப்பலகையில் அடுக்கி அரைமணி நேரம் பார்க்க வேண்டும். அதற்கு மின்வெட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

"பெர்லின் மூன்றிலும் வேண்டாமா மாமா? உங்களுக்கு அது நல்லதாகத்தானே முடிந்தது?"

"எனக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது தம்பி. காத்திருப்பதற்கு எனக்குப் பிடிக்கும். உனக்கு அடித்து ஆடத்தான் கை துடிக்கிறது. பிறகு எதற்கு ராணியை எட்டாவது நகர்விலேயே அனுப்பிவைக்கிறாய்?"

செவ்வாய்க்கிழமை ஆட்டங்கள் தொடங்கின. தரத்தில் மேலே இருப்பவர் முதல் நகர்வையே இன்னும் அனுப்பவில்லை. மற்ற இருவரில் ஒருவர் வேகமானவர்: 5254 3735, 7163 2836. பையன் 4244ஐ எதிர்பார்த்து இரவு பதினொரு மணிவரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வந்தது 6125. காலையில் வகுப்புக்குப் போகும் வழியில் என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அந்த நான்கு இலக்கத்தைச் சொன்னான். 7776 வைப்பதா, 5756 வைப்பதா? கார்ல்சன் அந்த முதலாவது ஆட்டத்தில் வைத்தது 7776. இரண்டு நிலையையும் மாறி மாறி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து நாளில் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.